15,000 ரூபாய்க்கு நல்ல காற்று: பியூரிஃபையரா, எக்ஸாஸ்ட் ஃபேனா, வலையா?

சின்னவளுக்கு வீசிங் அதிகமாகி மூன்றாவது தடவையாக நெபுலைசர் வைத்துக் கூட்டி வந்த ராத்திரி, சென்னையிலிருந்து மச்சினன் போன் போட்டான். "மாமா, யோசிக்காதீங்க, ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கிப் போட்டுடுங்க" என்றான். நானும் அப்போதே செல்போனில் தேடி, 14 ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டுகிற பக்கம் வரை போய்விட்டேன். அந்த நேரத்தில்தான் பக்கத்து அறையிலிருந்து நெடி வந்தது. எட்டிப் பார்த்தால் பிள்ளை படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கிறது. ஏற்றியது வேறு யாருமில்லை, நான்தான். தினமும் ஏழு மணிக்கு ஏற்றி வைப்பது பழக்கமாகி, கை தானாகச் செய்கிற வேலையாகிவிட்டது.

போனைக் கீழே வைத்துவிட்டு அன்றிலிருந்து ஒரு மாதம் இதையே நோண்டிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரிடம் தூசி அளக்கும் மீட்டர் இருந்தது, அதை இரவல் வாங்கினேன். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை நானே வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். இந்த எழுத்து அந்த ஒரு மாதத்தின் கணக்கு. கையில் 15,000 ரூபாய், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் மாடி, வாடகை. எதில் போட்டால் பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் லேசாகும் என்பதுதான் கேள்வி. டாக்டர் கொடுத்த இன்ஹேலருக்குப் பதிலாக எதையும் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொசுவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பெரிய குற்றவாளி அதுதான். நண்பரின் மீட்டர் அளப்பது பிஎம் 2.5 என்கிற நுண்தூசியை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், இந்தத் தூசி இரண்டரை மைக்ரானுக்கும் கீழே, அதனால் மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகிறது. இருபத்து நான்கு மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் நாட்டு அளவு கொஞ்சம் தாராளம், 60. கொசுவத்தி ஏற்றி, ஜன்னலைச் சாத்தி, அரை மணி கழித்து மீட்டரைப் பார்த்தேன். மூன்று இலக்கத்தில் நின்றது, அதுவும் முதல் இலக்கம் ஒன்று இல்லை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் எரிப்பதற்குச் சமம் என்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் சிகரெட் பழக்கம் கிடையாது என்று டாக்டரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

சரி, கொசுவத்தியை நிறுத்தினால் கொசுவுக்கு என்ன செய்வது? கொசுவை ஆராய்வதற்கென்றே 1975 முதல் புதுச்சேரியில் ஒரு மத்திய ஆய்வு மையம் இயங்குகிறது என்றால் இந்தக் கரையோரத்தின் நிலைமை புரியும். பிளக்கில் செருகும் லிக்விட் இருக்கிறது. புகை இல்லை, தூசி மீட்டர் அசையவில்லை. ஆனால் மருந்து ஆவியாகிக் காற்றில்தான் கலக்கிறது, மூச்சுத் தொல்லை உள்ள பிள்ளையின் தலைமாட்டில் விடிய விடிய அதை ஓட விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பேட் வாங்கலாம், பொழுதுபோகும். மிச்சம் இருப்பது வலை. கட்டிலுக்குக் கட்டுகிற கொசுவலை 500 ரூபாயிலிருந்து கிடைக்கிறது, ஆனால் ஃபேன் காற்று பாதிதான் உள்ளே வரும், மே மாதத்தில் பிள்ளைகள் நடு ராத்திரி காலால் உதைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஜன்னலுக்கு வலை அடிப்பதுதான் நிற்கும்.

அதிலும் இரண்டு வகை. அலுமினிய பிரேம் போட்டு ஸ்லைடிங்கில் செய்வது பார்க்க அழகு, சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஐந்து ஜன்னலுக்கு எங்கள் பட்ஜெட்டில் முக்கால்வாசி போய்விடும், வாடகை வீட்டில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. வெல்க்ரோ ஒட்டி மாட்டும் நைலான் வலை மலிவு, நாமே ஒட்டலாம், பிய்த்துத் துவைக்கலாம். நாங்கள் வெல்க்ரோவைத்தான் எடுத்தோம். ஐந்து ஜன்னலும் பால்கனிக் கதவும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு குறை சொல்ல வேண்டும்: வலையில் தூசி படிந்து அடைத்துக்கொண்டால் காற்று வருவது நன்றாகவே குறைகிறது. மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசாவிட்டால் வலை போட்டும் ஜன்னல் மூடின மாதிரிதான்.

வலை வந்த பிறகுதான் ஜன்னலைத் திறந்து வைப்பது என்பதே ஒரு வழியாக எங்கள் வீட்டில் தேறியது. அதற்கு முன்னால் சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாவற்றையும் சாத்துவோம், மறுநாள் காலை ஏழுக்குத்தான் திறப்போம். நான்கு பேர் மூச்சுவிட்டு, சமைத்து, சாமிக்கு ஊதுபத்தி ஏற்றி, அத்தனையும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கடலூரில் இருந்துகொண்டு இப்படிச் செய்வது, ஆற்றங்கரையில் உட்கார்ந்து குளிக்காமல் இருக்கிற கதைதான். இங்கே மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும், ராத்திரி திரும்பி மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். கத்திரி வெயில் காலத்தில் கடல்காற்று கொஞ்சம் தாமதமாகும், அதுவரை மேற்கிலிருந்து அனல். அதனால் நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். ஒரே பக்கம் நான்கு ஜன்னல் திறந்தாலும் பிரயோஜனமில்லை, வருவதற்கு ஒரு வழி, போவதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வழி என்று இரண்டு வேண்டும். எங்களுக்குக் கிழக்கே பால்கனி, மேற்கே சமையலறை. இடையில் இருந்த ஒரு கதவை நிரந்தரமாகத் திறந்து, கீழே கல் வைத்து நிறுத்தினதுதான் இந்த ஒரு மாதத்தில் செலவே இல்லாமல் நடந்த வேலை.

புதுச்சேரியில் பழைய தெருக்களில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். முத்தியால்பேட்டையில் என் பெரியம்மா வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. காற்று தெருவாசல் வழியாக வந்து முற்றத்தின் வழியாக மேலே ஏறிப் போகும், அதை நம்பித்தான் அந்த வீடே கட்டியிருக்கிறது. மழைச்சாரல் அடிக்கிறது, அணில் வருகிறது என்று முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு நாலு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது சமையல் வாசம் ரேழி வரைக்கும் வந்து தங்குகிறது. ஷீட்டை ஓர் அடி உயர்த்தி, நாலு பக்கமும் இடைவெளி விட்டு, அதில் வலை கட்டினால் போதும், சூடான காற்று தானாக ஏறிப் போய்விடும். பெரியம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது சமையலறை. இங்கேதான் சிம்னியா எக்ஸாஸ்ட் ஃபேனா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. மனைவிக்குச் சிம்னி வேண்டும், அவள் சொன்ன காரணம் நியாயமானது: மிளகாய் தாளித்தால் கமறல் ஹால் வரை வருகிறது, மீன் வறுத்தால் மறுநாள் காலையிலும் போர்வையில் வாசம். மீட்டரை அடுப்படியில் வைத்து நெத்திலி வறுத்துப் பார்த்தோம். கொசுவத்திக்குச் சளைக்கவில்லை. கேஸ் அடுப்பு என்பதால் புகை இல்லை என்று நினைப்பது தப்பு, எண்ணெய் காய்ந்து வருகிற ஆவியே நுண்தூசிதான், அதோடு கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடும் வருகிறது, அது வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள், அது சரியாக எரியாத கேஸ்.

சிம்னி நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. அடுப்புக்கு நேர் மேலே, இரண்டு இரண்டரை அடி உயரத்தில் நின்று, புகை அறையில் பரவுவதற்கு முன்பே பிடித்துக்கொள்கிறது. ஆனால் பெட்டியில் மணிக்கு 1,200 கனமீட்டர் காற்றை இழுக்கும் என்று போட்டிருப்பது குழாய் மாட்டாமல் அளந்த கணக்கு. குழாய் நீளமாக நீளமாக, முட்டி முட்டியாக வளைய வளைய, இழுப்பு குறைந்துகொண்டே போகும். வெளியே குழாய் விட வேண்டுமென்றால் சுவரில் ஆறு அங்குல ஓட்டை போட வேண்டும், வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டேன். குழாயே இல்லாத சிம்னி ஒன்று இருக்கிறது என்று கடைக்காரர் காட்டினார். அதை மட்டும் வாங்காதீர்கள். எண்ணெயைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, கரி வடிகட்டி வழியாக அதே காற்றை அதே சமையலறைக்குள் திருப்பி விடுகிறது. சூடும் ஈரமும் கேஸும் அங்கேயே இருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஏற்கெனவே வென்டிலேட்டரில் ஒரு வட்டம் விட்டிருந்தார்கள், பழைய அட்டையை வைத்து அடைத்து அதன் மேல் காலண்டர் தொங்கியது. ஒன்பது அங்குல ஃபேன், எலக்ட்ரீஷியன் கூலியோடு 2,500. பிளாஸ்டிக் உடம்பு உள்ளதை எடுத்தேன், கடல்காற்று ஊரில் இரும்பு பிரேம் சீக்கிரமே துருப்பிடித்து ஒழுகி, சுவரில் கோடு கோடாக இறங்கும். ஸ்க்ரூ மட்டும் தனியாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிக் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஃபேன் ஓடுகிறது, சத்தம் வருகிறது, கமறல் குறையவே இல்லை. அப்புறம்தான் காரணம் தெரிந்தது. ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம், அது வெளியிலிருந்து வந்த காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஜன்னலைச் சாத்தி, ஹால் பக்கத்துக் கதவை மட்டும் திறந்துவிட்டு, ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் கதவுநிலையில் பிடித்தேன். பேப்பர் சமையலறைக்குள்ளே சாய்ந்தது. அப்படிச் சாய்ந்தால் சரி, அடுப்பைத் தாண்டித்தான் காற்று போகிறது என்று அர்த்தம். தாளிக்கும்போது சமையலறை சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அது புகையை அடித்து வீடு பூராவும் அனுப்பிவிடும். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிஷம் எக்ஸாஸ்ட் ஓடட்டும். சொந்த வீடு, வெளிச்சுவர் ஓரம் அடுப்பு, குழாய் நேராக ஓரடியில் வெளியே போகும் என்றால் சிம்னியே வாங்குங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு 2,500 ரூபாய் ஃபேன் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுகிறது.

இனி ஓதம். கொசுவத்தியை விடவும் இதுதான் எனக்குக் கவலை, ஏனென்றால் இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஈரப்பத மீட்டர் எங்கள் படுக்கையறையில் எழுபதுக்குக் கீழே இறங்கினதை நான் அதிகம் பார்த்ததில்லை. அறுபதுக்குக் கீழே வைத்தால்தான் பூஞ்சணம் அடங்கும், ஐம்பதுக்குக் கீழே போனால்தான் மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சி பெருகாது, கடற்கரை ஊரில் அதெல்லாம் ஆகிற காரியமா? 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது எங்கள் மேற்குச் சுவர் குடித்த தண்ணீர் பொங்கல் வரை காயவில்லை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளத்தில் ஆற்றோரம் இருக்கும் சித்தி வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அந்த வீட்டு மெத்தையைக் காயவைத்து மறுபடி உபயோகித்தார்கள், உறையைப் பிரித்தால் உள்ளே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. வெள்ளத்தில் ஊறின மெத்தையை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், தூக்கிப் போடத்தான் வேண்டும்.

ஓதத்துக்கு மூன்று வழி பார்த்தேன். ஒன்று டிஹியூமிடிஃபையர், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் பெட்டி. நன்றாக வேலை செய்கிறது, உறவுக்காரர் வீட்டில் ஒரு ராத்திரியில் நிறைந்த தொட்டியை நானே கொட்டினேன். ஆனால் அது ஓடும்போது அறையைச் சூடாக்கும், ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், ஒன்றே எங்கள் பட்ஜெட்டை விழுங்கிவிடும். ஏசி இருக்கிறவர்கள் மழைக்காலத்தில் டிரை மோடில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலே ஓரளவு அந்த வேலை நடந்துவிடும். அது இரண்டாவது வழி. இங்கே ஒரு விஷயம்: ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே குளிராக்கிச் சுற்றுகிறது. அதன் வலை முடியையும் பஞ்சையும் பிடிக்கும், நுண்தூசியைப் பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த வலையைக் கழுவாவிட்டால் அதுவே பூஞ்சணக் கூடு.

மூன்றாவது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அங்கேயே அடைப்பது. எங்கள் வீட்டில் ஈரத்துணியை ஹாலில் கொடி கட்டி உலர்த்துவோம், பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம், குளியலறைக் கதவைத் திறந்தே போடுவோம். பீரோவை நான்கு விரல் நகர்த்தினதில் பின்னால் சுவர் முழுக்கப் பச்சை. துடைத்து, காயவிட்டு, துணிகளை மொட்டைமாடிக்கு ஏற்றி, குளியலறைக்கு ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஒன்று மாட்டினேன், 1,500. மேற்குச் சுவரில் ஓதத்தின் மேலேயே எமல்ஷன் பெயின்ட் அடித்திருந்தார்கள், அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டிவிட்டு, வெளிப்பக்க விரிசலை அடைத்து, சுண்ணாம்பே அடிக்கலாம் என்று மேஸ்திரி சொன்னார். அதற்கு 4,000 கேட்டார். கொடுத்தேன். எமல்ஷன் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், சுண்ணாம்பு விட்டுவிடும், நம் தாத்தா காலத்துச் சுவர்கள் அப்படித்தான் இருந்தன.

பாச்சை உருண்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓத வாசத்துக்கு அதைப் பீரோவில் போடுவது வழக்கம். அது நாஃப்தலீன், கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி நாம்தான் சுவாசிக்கிறோம். எடுத்துவிட்டோம். அதேபோல வெள்ளம் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் தூவின தரையில் கழிவறை ஆசிட்டையும் ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

செடி? காற்றைச் சுத்தமாக்கும் என்று போட்டி போட்டுக்கொண்டு சான்சிவேரியா, மணிபிளாண்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற, 1989-இல் நாசா செய்த ஆய்வு சின்ன மூடின பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் அமெரிக்காவில் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், வீட்டில் ஜன்னல் வழியாகச் சாதாரணமாக வந்து போகிற காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் தொட்டி வைக்க வேண்டும் என்றார்கள். அழகுக்கு வையுங்கள், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும்.

இப்போது மச்சினன் சொன்ன பியூரிஃபையர். அது மோசடியெல்லாம் இல்லை. நல்ல ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் தூசியிலேயே 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். வாங்குவதானால் பெட்டியில் சிஏடிஆர் என்ற எண்ணை மட்டும் பாருங்கள், மணிக்கு எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்கிற கணக்கு அது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி, சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து தடவை அந்தக் காற்று முழுக்க வடிகட்டப்பட வேண்டும் என்றால் சிஏடிஆர் மணிக்கு 170 கனமீட்டர் தேவை. ஹால், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றுக்கும் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அயனைசர், ஓசோன் என்று போட்டிருப்பதைத் தொடவே வேண்டாம், ஓசோன் நுரையீரலை அரிக்கும். அதோடு வடிகட்டியை வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும், அதற்கு 2,000 ரூபாய்க்கு மேல் தனிச் செலவு.

முக்கியமான இடைஞ்சல் என்னவென்றால், அது சரியாக வேலை செய்ய ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். சாத்தினால் தூசி குறையும், ஆனால் ஈரம் குறையாது, நாம் விடுகிற மூச்சின் கரியமில வாயு குறையாது, கேஸ் அடுப்பின் வாயு குறைவது சொற்பம். கடல்காற்று வரும் ஊரில் ஓத வீட்டை மூடிவைத்து உள்ளே இயந்திரத்தை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் எல்லோருக்கும் இதையே சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் பஸ் ஸ்டாண்டு பக்கமோ கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமோ கீழ்த்தளத்தில் இருந்து, ஜன்னலைத் திறந்தாலே வண்டிப்புகை என்றால், பிள்ளை தூங்கும் ஒரு அறைக்கு மட்டும் பியூரிஃபையர் வாங்குவது நியாயம். பக்கத்துக் காலிமனையில் தினமும் குப்பை கொளுத்துகிற தெருவிலும் அப்படித்தான். தொழிற்பேட்டை ஓரம் ரசாயன நெடி வருகிறதென்றால் வெறும் ஹெப்பா உதவாது, கனமான கரி வடிகட்டி உள்ளதைப் பார்க்க வேண்டும், கூடவே புகாரும் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வருஷத்தில் தீபாவளி ராத்திரியும் போகி விடியற்காலையும்தான் ஜன்னலைச் சாத்த வேண்டிய நாட்கள்.

கரண்ட் போகிற நாட்களுக்காக ஒன்று. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, அப்போது ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டினவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது நிறமும் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

ஆக, வலை 3,000, சமையலறை ஃபேன் 2,500, குளியலறை ஃபேன் 1,500, சுவர் 4,000, மொத்தம் 11,000. மிச்சம் 4,000-ஐ மனைவி எடுத்து பஞ்சு மெத்தைக்குக் கழற்றித் துவைக்கக்கூடிய உறை வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி விஷயத்தில் மட்டும் மாமியாரோடு ஒரு ஒப்பந்தம்: பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில், பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது. கம்ப்யூட்டர் சாம்பிராணி பாக்கெட்டை அவரே பரணில் போட்டுவிட்டார். டிஹியூமிடிஃபையரை இன்னும் மறக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் மீட்டர் எண்பதுக்கு மேலேயே நின்றால் அப்போது தவணையில் ஒன்று எடுப்போம். மச்சினன் போன வாரம் வந்திருந்தான், பியூரிஃபையர் எங்கே என்று தேடினான், சமையலறையில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக் காட்டினேன்.